கோபம் எந்தப் பக்கம் ஓடுகிறது?

கோபத்தை அடக்கு, அன்பா இரு, சந்தோசம் தானா வரும் என்று சொல்லாத ஆளில்லை. அதை யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? அடிக்கிறவனிடம் சொல்லி நான் கேட்டதில்லை. அடிபட்டு எழுந்து நிற்கிறவனிடம்தான் சொல்கிறார்கள்.

எங்கப்பாவுக்குக் கோபமே வராது என்று மேலத்தெருவில் பேர். பத்து வயசுப் பொடியன் 'ஏலே' என்று கூப்பிட்டாலும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு 'சொல்லுங்க சாமி' என்று நிற்பார். 'தங்கமான மனுசன்' என்பார்கள். அந்தத் தங்கம் பொழுதடைஞ்சு வீட்டுக்கு வந்தால் சோத்துச் சட்டி பறக்கும். கொழம்புல உப்பு கூடிப்போச்சு என்று எங்கம்மாவுக்கு அடி விழும். அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் கை எங்கள் முதுகில் இறங்கும். நான் தங்கச்சியை அடிப்பேன். அவள் அடைகாக்கிற கோழியைப் போய் விரட்டுவாள். கோபமும் தண்ணி மாதிரித்தான், பள்ளம் பார்த்து ஓடும். மேட்டுக்கு ஏத்தணும்னா கமலை பூட்டித்தான் இறைக்கணும்.

வெகுளாமை அதிகாரத்தைப் பள்ளிக்கூடத்தில் எங்களை எழுப்பி நிறுத்தித்தான் ஒப்பிக்கச் சொன்னார்கள். பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது: கோபம் பலிக்கிற இடத்தில் அடக்குகிறவனே அடக்குகிறவன் என்றுதான் வள்ளுவர் தொடங்குகிறார். அது பலம் உள்ளவனுக்குச் சொன்ன புத்தி. (பலிக்காத இடத்துக் கோபமும் தீது என்கிறார் அடுத்த குறளில். அங்கே எனக்கும் அவருக்கும் வழக்கு உண்டு.)

பலிக்காத இடத்துக் கோபத்தை அம்பேத்கர் என்ன செய்தார்? பரோடாவில் வேலைக்குப் போனபோது, தங்கியிருந்த பார்சி விடுதிக்குத் தடியோடு வந்து அவரை வெளியேற்றினார்கள். பதினெட்டு வருசம் கழித்து அதை எழுதும்போதும் கண்ணீர் இல்லாமல் நினைக்க முடியவில்லை என்கிறார். அந்த மனுசர்தான் 1927 மார்ச் 20இல் ஆயிரக்கணக்கானவர்களோடு மகாடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். சாதி இந்துக்கள் தாக்கியபோதும் திருப்பித் தாக்காதீர்கள் என்று தம் ஆட்களைத் தடுத்தார். அந்த வருசம் டிசம்பர் 25இல் அதே மகாடில் மனுஸ்மிருதி எரிந்தது. எரிந்தது புத்தகம். 1968இல் அதே டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி கேட்டுச் சங்கம் சேர்ந்த பாவத்துக்கு, 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். கோபத்தை அடக்கச் சொல்ல வேண்டியது யாரிடம்?

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லணும். அலுவலகத்தில் ஒருவர், நல்ல மனுசர், டீ குடிக்கும்போது பிரியமாகச் சொன்னார்: "உங்களப் பாத்தா அப்படித் தெரியவே இல்லையே சார்." நான் சிரித்தேன். சிரித்ததுகூடப் பரவாயில்லை, உள்ளுக்குள் ஒரு நொடி சந்தோசமா இருந்தது. அந்தச் சந்தோசத்தை இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது. என் அம்மா முகத்தை, என் தெருவை, என் தோலை ஒரு டீக்கு வித்திருக்கிறேன்.

அன்னிக்கு ராத்திரி மகன் நோட்டில் ரெண்டு எழுத்துப்பிழை. ஓங்கி அறைந்துவிட்டேன். அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், மூலையில் தங்கச்சி கையைத் திருகிக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் அவரிடம் போனேன். கை நடுங்கியது. "நேத்து நீங்க சொன்னதுக்கு நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது. அப்படின்னா எப்படி சார்? எங்காளுக எப்படித் தெரியணும்?" என்று கேட்டேன். "நல்லபடியாத்தானே சொன்னேன்" என்றார். "தெரியும் சார். அதனாலதான் உங்ககிட்ட கேக்கேன்" என்றேன். ஒரு வாரம் என்னோடு டீ குடிக்க வரவில்லை. பிறகு வந்தார், ஒன்றும் பேசவில்லை, எனக்கும் சேர்த்து வாங்கினார். அது அன்பா, சங்கடமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கேட்ட அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நோட்டைக் கொண்டாடா என்றேன். கொண்டுவந்தான். கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு நீட்டினான்.