பழம் யாருக்கு?

வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் பஞ்சாயத்துக்குக் குறைவே இருக்காது. அடுப்பில் பால் பொங்கும் நேரம் பார்த்து, ‘அம்மா, இவன் என் பென்சிலை எடுத்துட்டான்!’ என்று ஒன்று ஓடி வரும். நீங்கள் என்ன சொல்வீர்கள்? ‘பெரியவன்தானே, விட்டுக் கொடுடா!’ நானும் அதைத்தான் சொல்கிறேன். சண்டை அப்போதைக்கு நின்றுவிடும். ஆனால், அது நியாயமா?

கயிலையிலும் ஒரு பஞ்சாயத்து நடந்ததே! நாரதர் தந்த மாங்கனியை நறுக்கக் கூடாது. உலகை முதலில் சுற்றி வருபவருக்கே பழம். அம்மையப்பனை வலம் வந்த பிள்ளையாருக்குக் கிடைத்தது. தீர்ப்பில் குற்றம் சொல்ல முடியாது. என்றாலும், மயிலேறி உலகமெல்லாம் சுற்றி வந்த இளைய பிள்ளைக்கு மனம் ஆறவில்லை. கோபித்துக்கொண்டு தென்திசை வந்துவிட்டான்.

தீர்ப்பு கிடைத்தும் மனம் ஆறாமல் போவது மனிதர்களுக்கும் உண்டு. அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ நகரில் 1976-ல் ‘கம்யூனிட்டி போர்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்துச் சச்சரவுகளை தன்னார்வத் தொண்டர்கள் பேசித் தீர்க்க உதவும் ஏற்பாடு இது. 1980-களில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்தப் பயிற்சி போய்ச் சேர்ந்தது. பயிற்சி பெற்ற பிள்ளைகள், சண்டையிட்ட இருவரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். குறுக்கே பேசக் கூடாது, திட்டக் கூடாது. ‘அவன் சொன்னதை நீ திருப்பிச் சொல்லு’ என்பார்கள். தீர்ப்பு மட்டும் சொல்லவே மாட்டார்கள்!

இம்மாதிரி வகுப்புகளில் ஓர் ஆரஞ்சுப் பழக் கதை உண்டு. பழத்துக்கு அடித்துக்கொண்ட இரு குழந்தைகளுக்கு, ஆளுக்குப் பாதியாக வெட்டிக் கொடுத்தார்களாம். ஒன்று சுளையைத் தின்று தோலை எறிந்தது. மற்றது கேக் செய்யத் தோலை வைத்துக்கொண்டு சுளையை எறிந்தது. ‘எதற்கு வேண்டும்?’ என்று கேட்டிருந்தால் இரண்டுக்கும் முழுசாகக் கிடைத்திருக்கும்.

எனக்கு ஒரு உறுத்தல். வலுத்தவன் எளியவனை அடிக்கும் இடத்தில், ‘இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்பது பாவம் அல்லவா? அடிபட்ட குழந்தையையும் சேர்த்துக் குற்றவாளியாக்கிவிடுமே! நல்லவேளை, கைகலப்பு என்றால் பெரியவர்களை அழைக்க வேண்டும் என்றே இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

நம் கோயில் மண்டபங்களில் ஞாயிறுதோறும், காசு வாங்காமல் பிள்ளைகளுக்குத் தேவாரமும் ஸ்லோகமும் சொல்லித் தரும் சகோதரிகள் எத்தனையோ பேர். அதில் பத்து நிமிடம் இதற்கும் ஒதுக்கலாமே? பழநிக் கதையைச் சொல்லிவிட்டு, ‘முருகனுக்கு உண்மையில் என்ன வேண்டியிருந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். அம்மையும் அப்பனும் தேடி வந்து, ‘பழம் நீயப்பா!’ என்று கொஞ்சியும் அவன் கயிலைக்குத் திரும்பவில்லையே.