மாயக் களமும் மெய்த் துணையும்

படைத்தல், காத்தல், அழித்தல் ஆகிய முத்தொழிலையும் இறைவனுடைய ஓயாத விளையாட்டென்று கடவுள் வாழ்த்திலேயே போற்றிய கம்பருக்கு, சா. கணேசன் 1939ஆம் ஆண்டில் கழகம் கண்டு விழா எடுத்த ஊர் காரைக்குடி. சிருஷ்டியை லீலை என்று பிரம்ம சூத்திரமும் சொல்கிறது. அத்தகைய ஊரில், முகப்புத் திண்ணையில் கைப்பேசியும் கையுமாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் விளையாட்டை மட்டும் வீண் என்று ஆராயாமல் தள்ளுவது முறையாகாது.

2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை விதித்த பப்ஜி விளையாட்டில் நால்வர் ஓர் அணியாகக் களம் இறங்குவர். அவர்களுள் ஒருவன் குண்டுபட்டு ‘நாக்’ ஆகி விழுந்தால், மற்றொருவன் அருகே சென்று ஏறத்தாழ பத்து விநாடி அசையாதிருந்து அவனை எழுப்ப வேண்டும். அந்தப் பத்து விநாடியும் எழுப்புகிறவன் சுடவும் இயலாமல், ஒளியவும் இயலாமல், பகைவர்க்கு எளிய இலக்காகிறான். களம் மாயை, குண்டு மாயை, மரணமும் மாயை. ஆயினும் போவதா விடுவதா என்று தயங்கிய நெஞ்சமும், போவதென்று துணிந்த சங்கல்பமும் மாயையல்ல. கர்மத்தின் வேர் சங்கல்பத்தில் இருக்கிறது என்பது உண்மையானால், அந்தத் துணிவையும் தர்மத்தின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

நால்வரின் இந்த நேசம் பிறரைக் கொல்வதற்காகக் கூடிய நேசந்தானே என்ற ஆட்சேபம் வலியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2012இல் வெளிவந்த ‘ஜர்னி’ என்ற விளையாட்டில், முன்பின் அறியாத இருவர் பாலைவனத்தைக் கடந்து மலைச்சிகரம் நோக்கி நடக்கிறார்கள். பேச வழியில்லை, ஒருவரையொருவர் தாக்கவும் வழியில்லை, அருகே வந்து தொட்டால் மற்றவருக்குப் பறக்கும் ஆற்றல் பெருகும், துணைவந்தவர் பெயரோ பயணம் முடிந்த பின்னரே தெரியும். இன்னார் என்று அறியாமலும், கைம்மாறு கருதாமலும் ஒருவர்க்குத் துணை நிற்பதை நிஷ்காமம் என்னாமல் வேறென்ன என்பது? பழகிய காலம் சிறிதென்று கூறி அந்த உறவைக் குறைத்து மதிப்பவர்கள், கங்கைக் கரையில் சிறுபொழுதே பழகிய குகனை இராமன் ஐந்தாவது சகோதரனாக ஏற்றதை நினைத்துப் பார்க்கலாம்.

உறக்கத்தையும் பாடத்தையும் விழுங்கும் அளவுக்கு விளையாட்டு வளர்ந்தால் அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கைப்பேசியைப் பறிக்க விரையும் பெற்றோர், அதற்கு முன் ஒருமுறை பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, விழுந்த தோழனை நோக்கி அவன் திரும்பி ஓடுகிறானா என்று பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.