பள்ளியும் பிள்ளையும்

சமண முனிவர்கள் உறைந்த இடத்திற்குப் பள்ளி என்று பெயர். அங்கே ஊர்ப் பிள்ளைகளும் எழுத்தறிந்தமையால் கல்விக்கூடமே பள்ளியாயிற்று என்பர் அறிஞர். அம்மரபில் வந்த நாம், 'பள்ளியே வேண்டா. பிள்ளை வீட்டிலிருந்து தன் விருப்பின் வழியே கற்கட்டும்' என்று பெற்றோர் சிலர் கூறக் கேட்டுத் திகைக்கிறோம்.

அண்மையில் கல்லாவியில், நம் இல்லத்துத் திண்ணையில் இப்பேச்சு எழுந்தது. ஓசூர் ஆலையொன்றில் பணிபுரியும் உறவினர், "மாமா, மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமென்று எண்ணுகிறேன். ஐந்து வயதில் ஆயிரம் கேள்வி கேட்டவள், எட்டு வயதில் மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை" என்றார். அவர் துயரம் மெய்யானது. அதை எள்ளி நகையாட நமக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்னும் ஆசிரியர், பள்ளி சாராக் கல்விக்கென 1977-இல் ஓர் இதழையே தொடங்கினார். நம் அண்டை மாவட்டமான தருமபுரியிலும் சான்று உண்டு. மும்பையிலிருந்து வந்து நாகர்கூடலில் குடியேறிய மீனாட்சி உமேஷ், வழக்கமான பள்ளிக்குத் தம் பிள்ளைகளை அனுப்ப மனமின்றி, ஊர்க் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு 2000-இல் 'புவிதம்' என்னும் கல்வி மையத்தைத் தோற்றுவித்தார். மண்ணும் பயிரும் அங்கே பாடம். பிள்ளைகளின் கல்வியை மாற்ற விரும்பிய அவர், முதலில் தம் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார் என்பதே நாம் கருதத்தக்கது.

மறுபுறமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள், மற்ற இந்தியச் சிறார்க்குக் கிடைக்காத சலுகை தம் மக்களுக்கு மட்டும் வேண்டாவென்று, ஐரோப்பியர் பள்ளிக்கு அவர்களை அனுப்ப மறுத்தார். தாமே கற்பிக்க முயன்றார். போதிய நேரம் ஒதுக்க இயலவில்லை என்பதைப் பின்னர் தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். முறையான படிப்பை நாடிய மூத்த மகன் ஹரிலால், 1911-இல் தந்தையைப் பிரிந்தார். தந்தையின் நோக்கம் தூயது. ஆயினும் விலை கொடுத்தவர் மகன்.

பள்ளிக்குப் போகாமை எல்லார்க்கும் ஒரே பொருளுடையதுமன்று. பெண்ணின் படிப்பை நிறுத்தி இளவயதில் மணமுடிக்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அத்தகைய பெண்ணுக்குப் பள்ளி வாயிலே விடுதலை வாயில். ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி பெறுவதைக் குழந்தையின் உரிமையாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வுரிமையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கவில்லை, குழந்தைக்கே வழங்கியது.

எனவே உறவினரிடம் ஒன்றே வினவினோம்: "மகளைக் கேட்டீரா?" அவர் கேட்டதில்லை. உள்ளிருந்து அழைத்துக் கேட்டபோது அச்சிறுமி, "பள்ளியில் என் தோழி இருக்கிறாள், கணக்கு வகுப்புதான் அச்சமாயிருக்கிறது" என்றாள்.

அவ்வளவே. ஆலையிலிருந்து திரும்பி மாலையில் ஒரு நாழிகை அவளோடு அமர்ந்து கணக்குப் போட உறவினர் இசைந்தார். அதன் பின்னும் அவள் வாடினால், வேறு வழியை அவளோடு சேர்ந்தே தேடலாம்.

நிலத்தையும் பொன்னையும் மிகையாகப் பற்றாதிருக்க அபரிக்கிரக நெறியைப் போற்றும் நாம், பிள்ளையை மட்டும் நம் உடைமையெனக் கருதுகிறோம். முதல் மதிப்பெண்ணுக்காக வதைப்பதும் பற்றே. நம் கொள்கைக்குச் சான்றாக வளர்ப்பதும் பற்றே. வீட்டில் கற்பிப்பினும் பள்ளிக்கு அனுப்பினும், அப்பற்றைத் தளர்த்தினோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.