இடம் மாறி நின்றவர்கள்

பீட்டர் தங்கராஜ் பட்டாளத்தில் சேர்ந்தது 1953இல். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் குன்னூருக்கு அடுத்து வெலிங்டன் வரும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. அந்த மையத்தின் கால்பந்து அணியில் அவர் ஆட ஆரம்பித்தது சென்டர் பார்வர்டாக, அதாவது கோல் அடிக்கிற இடத்தில். பிறகு அவரைக் கோல்கீப்பராக மாற்றினார்கள். அந்த அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்குக்குப் போய்வந்தார். 1967இல் அர்ஜுனா விருது கிடைத்தது. இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் கோல்கீப்பர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

என் மனசு சுற்றிச் சுற்றி வருவது அந்த மாற்றம் நடந்த காலத்தை. கோல் அடிக்க வந்த இளவட்டத்தைப் பின்னால் போய் நிற்கச் சொன்னால் சந்தோஷமாகவா போயிருப்பான்? பிற்பாடு வந்த புகழைக் காட்டி அந்த வருத்தத்தை இல்லையென்று ஆக்கிவிட முடியாது. ஆனால் நாம் அதைத்தான் செய்கிறோம். வேலை போனவனிடமும் படிப்பு மாறியவளிடமும் 'எல்லாம் நல்லதுக்குத்தான்' என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

எங்கள் அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் சைடராக இருந்தார். அறுந்த நூலை ஓடுகிற கதிரிலேயே ஒட்டிவிடுகிற கை அவருக்கு. மில்லை மூடினார்கள். பல்லடம் ரோட்டில் ஒரு சின்ன ஸ்பின்னிங் மில்லில் வாட்ச்மேன் வேலைதான் கிடைத்தது. காக்கிச் சட்டையைப் பையில் மடித்து வைத்து எடுத்துப் போவார், மில்லுக்குப் போய்த்தான் போடுவார். எங்கள் வீதியில் ஒருநாளும் அதைப் போட்டுக்கொண்டு நடந்ததில்லை. அந்த வைராக்கியத்தை மதிக்கிறேன். இழந்ததை இழந்ததென்று வைத்துக்கொள்ள மனுஷனுக்கு உரிமை உண்டு.

ஆனால் இதையும் பார்த்திருக்கிறேன். சாப்பாடு கொண்டுபோன ஒரு மத்தியானம், கேட்டில் பஞ்சு லாரி நின்றது. ரசீதைப் பார்த்து உள்ளே விடுவதோடு அவர் வேலை முடிந்தது. அவரோ கிழிந்த பேலிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்து, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்து இழுத்துப் படிய வைத்தார். இழையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணு, சங்கர் ரகப் பஞ்சுன்னு சொல்லி அனுப்பியிருக்கானுக. இது கலப்பு. உள்ள போய் மேஸ்திரியக் கூட்டிட்டு வா" என்றார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் வாட்ச்மேன் இல்லை.

தங்கராஜும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று எண்ணிக்கொள்கிறேன். பந்தோடு பாய்ந்து வருகிறவன் எந்த மூலையைக் குறிவைப்பான் என்பது அந்த இடத்தில் ஓடியவனுக்குத் தெரியாமலா போகும்?

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் தென்கொரியா. உடம்பு சரியில்லாமல் இருந்த தங்கராஜைப் பயிற்சியாளர் ரஹீம் மறுபடி கோலில் நிறுத்தினார். தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. அவரை முன்னால் அனுப்பினார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2-1 என்று தங்கம் வந்தது. முன்னால் ஆடத் தொடங்கியவர் கோலைக் காத்தார், பின்னால் ஆடிப் பழகியவர் கோல் அடித்தார். ரஹீமின் கண்ணை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஆளை இடம் மாற்றுகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கண் வாய்ப்பதில்லை. மில்லை மூடுகிறவர்கள் கணக்கைப் பார்க்கிறார்கள், கையைப் பார்ப்பதில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல், 'மாற்றத்தை ஏற்றுக்கொள்' என்று உழைப்பாளிக்கு மட்டும் புத்தி சொல்வது அநியாயம்.

ஆட்டத்தை நிறுத்திய பிறகு தங்கராஜ் பொகாரோவில் எஃகு ஆலை ஊரில் பயிற்சியாளராக இருந்தார். 2008 நவம்பரில் அங்கேயே காலமானார். அவரிடம் கற்றுக்கொள்ள வந்த பையன்களில் முக்கால்வாசிப் பேர் கோல் அடிக்கத்தான் ஆசைப்பட்டிருப்பார்கள். அவர்களில் ஒருவனைப் பின்னால் நிற்கச் சொல்ல வேண்டி வந்தபோது அவர் எப்படிச் சொன்னார், அவன் முகம் வாடியதும் என்ன செய்தார் என்பதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. அப்பாவுக்கு அப்படிச் சொல்ல யாரும் இருக்கவில்லை.