செய்வித்தவன் கணக்கு

திருவள்ளூரை ஒட்டி, ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையின்மேல் அமைந்த மணவாள நகரில், ஷிப்ட் மாறும் வேளைகளில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் இளைஞர்களை எங்கே வேலை என்று கேட்டால், உலகறிந்த ஏதேனும் ஒரு பெயரைச் சொல்வார்கள். சற்றே நின்று பேசினால், 'ஆனா நாங்க கான்ட்ராக்ட்தான்' என்றும் சேர்த்துக்கொள்வார்கள். இக்காலத்துத் தர்ம விசாரத்தின் முடிச்சு அந்த இரண்டாம் வாக்கியத்தில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். அவர்கள் உழைப்பு ஒரு நிறுவனத்தின் பொருளாகி வெளியே போகிறது. சம்பளம் வேறொருவர் கையிலிருந்து வருகிறது. பல இடங்களில் உண்ணும் சோறும் உறங்கும் இடமும் மூன்றாமவர் பொறுப்பில் இருக்கின்றன. இவற்றுள் ஒன்று கெடுமானால், அந்தக் கேட்டுக்குக் கர்த்தா யார்?

இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. 2021 டிசம்பர் நடுவில், இதே மாவட்டத்துப் பூந்தமல்லிக்கு அருகே ஒரு விடுதியில் தங்கி, சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிள் நிறுவனத்துக்காக ஐபோன்களை உருவாக்கி வந்த பெண்களில் 250 பேருக்கு மேல் விடுதி உணவால் நோயுற்றுச் சிகிச்சை பெற, அவர்களுள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியதும், அதுவரை வாய் திறவாதிருந்த பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை, ஆனால் படுக்கக் கட்டிலின்றித் தரையில் நெருக்கியடித்துப் படுத்திருந்த அவர்கள் வாழ்க்கை அப்போதுதான் உலகின் கண்ணில் பட்டது. ஆலை மூடப்பட்டது. அவ்விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளுக்கு ஒவ்வாதவை என்று ஒப்புக்கொண்ட ஆப்பிள், ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12ஆம் நாள் கதவு மீண்டும் திறந்தது.

பசித்து வந்த முதியவருக்குத் தம் பங்கு உணவையும் அளித்து, அவர் படுக்க இடம் கேட்டபோது தம் குடிலையே காட்டிய சாலிஹோத்திர முனிவரின் கதையைத் தலபுராணமாகக் கொண்ட வீரராகவப் பெருமாள் திருத்தலம் இம்மாவட்டத்தின் தலைநகரில் இருக்கிறது. அம்மண்ணில், வேலை தேடி வந்த பெண்களுக்குச் சோறும் படுக்கையும் இவ்வாறு அமைந்தன என்பதை எண்ணும்போது நெஞ்சு வருந்துகிறது.

பொறுப்பைத் தேடிப் புறப்பட்டால் அது ஒவ்வொரு வாசலிலும் அடுத்த வாசலைக் காட்டுகிறது. பொருளுக்கு உரியவர் தயாரிப்பாளரைக் காட்ட, அவர் ஒப்பந்தக்காரரைக் காட்ட, ஒப்பந்தக்காரர் விடுதி நடத்துபவரையும், அவர் சமையற்காரரையும் காட்டுகிறார்கள். ஒவ்வொரு காகிதத்திலும் கையொப்பம் சரியாகவே இருக்கும்.

நம் முன்னோர் இதை ஆராயாமல் விட்டுவிடவில்லை. வேள்வி செய்யும் யஜமானன் மந்திரங்களையெல்லாம் தானே ஓதுவதில்லை, ஆகுதிகளையெல்லாம் தானே சொரிவதுமில்லை. தட்சிணை கொடுத்து, வேள்வியை நடத்தும் ருத்விக்குகளை அமர்த்துகிறான், உடல் உழைப்பு பெரும்பாலும் அவர்களுடையது. அவ்வாறிருக்க, வேள்வியின் பலன் யாருக்கு என்று மீமாம்சகர்கள் நெடிது வாதித்து, கூலி கொடுத்துச் செய்விக்கும் யஜமானனுக்கே என்று நிலைநாட்டினார்கள். கூலி என்பது உழைத்தவனுக்கும் பலனுக்கும் இடையே நிற்கும் ஏற்பாடு. உழைத்தவன் தட்சிணையோடு நிற்க, பலன் அவனைக் கடந்து செய்வித்தவனிடம் போய்ச் சேர்கிறது. இதை ஒப்புக்கொண்டுதான் இன்றைய நிறுவனமும் லாபத்தைத் தனதென்கிறது. நற்பலன் மட்டும் ஒப்பந்தத்தைக் கடந்து மேலே வரும், தீப்பலன் ஒப்பந்தக்காரர் வாசலிலேயே நின்றுவிடும் என்பதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் ஆதாரம் இல்லை. பதஞ்சலி முனிவரும் ஹிம்சையைச் செய்தது, செய்வித்தது, உடன்பட்டது என்று மூன்றாக வகுத்து, மூன்றின் பலனும் முடிவற்ற துன்பமே என்கிறார்.

இதற்கு எதிர்வாதம் வேறெங்கும் தேட வேண்டாம். மணவாள நகர்ச் சாலை போய்ச் சேரும் ஸ்ரீபெரும்புதூரிலேயே அவதரித்த இராமாநுஜரிடம் இருக்கிறது. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க விரும்பினால் மற்றவன் சம்மதம் இன்றியமையாதது. ஆயினும் கொடுத்தவன் இவனே ஆதலால் அதன் பலன் இவனையே சாரும் என்று ஸ்ரீபாஷ்யத்தில் அவர் திருஷ்டாந்தம் காட்டுகிறார். ஜீவன் செய்யும் வினைக்கு ஈசுவரன் அனுமதி தருபவன். வினையின் தோஷமோ ஜீவனுடையது. அப்படியானால், 'நாங்கள் அனுமதித்தோம், செய்தவர் ஒப்பந்தக்காரர்' என்று நிறுவனமும் சொல்லலாகாதா? வலிமையுள்ள வாதந்தான், ஆனால் அது இங்கே பொருந்தாது. ஈசுவரன் ஒரு குறையும் இல்லாதவன். ஜீவன் செய்யும் தவற்றினால் அவனுக்கு ஆவதொன்றுமில்லை. விடுதியில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரூபாயும் குறைந்த ஒப்பந்த விலையாக மாறி நிறுவனத்தின் கணக்கில் வரவாகும்போது, அந்த அனுமதி ஒரு பங்காளியின் அனுமதியாகிவிடுகிறது.

சட்டம் இந்த அளவுக்குப் போகாவிடினும் அதன் திசை இதுவே. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், உணவகம், குடிநீர், கழிப்பறை போன்றவற்றை ஒப்பந்தக்காரர் செய்து தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே செய்து கொடுக்க வேண்டும், செலவைப் பின்னர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று விதித்தது.

நிர்வாகியின் சங்கடத்தையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அவரும் சம்பளக்காரர். ஆர்டர் பெருகும் மாதங்களில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்து, அது தணிந்ததும் குறைக்க வேண்டியவர். ஒப்பந்தக்காரருக்குத் தலைக்கு நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தால் அந்த ஆர்டர் பக்கத்து ஆலைக்கோ பக்கத்து நாட்டுக்கோ போய்விடும் என்று உண்மையாகவே அஞ்சுகிறவர். ஆர்டர் போனால் அந்தப் பெண்களின் வேலையும் போகும். அவரைக் கொடியவர் என்று சொல்ல என் மனம் இசையவில்லை. அவர் நிலையில் என்னைக் கலங்கச் செய்வது வேறொன்று: விடுதியில் என்ன நடக்கிறதென்று அவர் அறியாதிருக்கும்படியே அந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது. தற்செயலான அறியாமையைத் தர்மம் மன்னிக்கும். விலை கொடுத்து வாங்கிய அறியாமையை எப்படி மன்னிப்பது? ஒருவனை ஆராய்ந்து அவனிடம் வேலையை ஒப்படைத்துவிடு என்று தெரிந்துவினையாடல் அதிகாரத்தில் சொன்ன வள்ளுவர், அதன் கடைசிக் குறளில், அவன் வினையை நாள்தோறும் ஆராய வேண்டும் என்று அரசனைப் பணிக்கிறார். ஒப்படைத்த அன்றே ஆராயும் கடமை தொடங்குகிறது. முன்கூட்டித் தெரிவித்துவிட்டு ஆண்டுக்கொரு முறை வரும் தணிக்கைக்காரரால் அக்கடமை நிறைவேறாது.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், அரசு நிறுவனமான சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய, 18,720 பெண்கள் தங்கும் விடுதிகள் 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் திறக்கப்பட்டன. மகிழத்தக்க காரியம், நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்களுக்கு அதில் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன். ஆனால் கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்காலைகளில் உலையருகே நிற்கும் பீகார், ஒடிசா இளைஞர்களுள் ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு, ஒப்பந்தக்காரர் காட்டும் இடமே இன்னும் வீடு. டெண்டரில் ஒப்பந்தக்காரர்கள் ஒருவரையொருவர் விலையில் முந்தும்போது முதலில் குறைவது இவர்களுடைய பருப்பும் பாயுமே. ஆகவே, உணவுக்கும் தங்குமிடத்துக்கும் உரிய தொகையை அந்தப் போட்டியிலிருந்தே விலக்கி, யாரும் குறைத்துக் கேட்க முடியாத தனி இனமாக ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். நிர்வாகி மாதத்தில் சில இரவுகளேனும் சொல்லாமல் சென்று அங்கே உண்ண வேண்டும். இதனால் செலவு ஏறும், அது பொருளின் விலையிலும் ஏறும். தின்பவர் இல்லையென்றால் விற்பதற்காகக் கொல்பவரும் இரார் என்று புலால் மறுத்தலில் வள்ளுவர் வாங்குபவனையும் கணக்கில் சேர்த்திருக்கிறார். ஆதலால் அந்த விலையேற்றத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் நாமும்தான்.