குகைக்குள் இருந்த மற்ற 999 பேர்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



போன வாரம் ஒரு தம்பி எனக்குத் தனியா மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணா, 48 நாள் விரதம் இருந்தேன். என் கஷ்டம் தீரல. முருகன் எனக்கு மட்டும் ஏன் கதவைத் திறக்கல?" கேள்வியில கோபம் இருந்துச்சு. கோபப்படலாம், தப்பில்ல. அப்பா அம்மாகிட்ட கோச்சுக்கிட்டு பழனி மலை ஏறினவர் தானே நம்ம ஆளு, கோபம்னா என்னன்னு அவருக்குத் தெரியும்.

அந்தத் தம்பிக்கு பதில் சொல்ற தகுதி எனக்கு இல்ல. நக்கீரர் கதையைச் சொல்றேன். அதுக்கப்புறம் எங்க தெருக் கதை ஒண்ணு. ரெண்டையும் சேர்த்துப் படிங்க.

நக்கீரர் திருப்பரங்குன்றத்துக் குளக்கரையில உட்கார்ந்து பூஜை பண்ணிக்கிட்டிருந்தார். அரச இலை ஒண்ணு விழுந்துச்சு. பாதி தண்ணியில, பாதி கரையில. தண்ணியில இருந்த பாதி மீனாச்சு, கரையில இருந்த பாதி பறவையாச்சு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்குது. நக்கீரர் பூஜையை விட்டுட்டு அதையே பார்த்தார். (நாம பூஜை நடுவுல நோட்டிஃபிகேஷன் பார்க்கிறோமே, அதே தான்.) பூஜையில மனசு தவறினவங்களுக்காகவே காத்திருந்த ஒரு பூதம் அவரைத் தூக்கிட்டுப் போய் மலைக் குகையில அடைச்சிடுச்சு.

இந்தக் கதையை எல்லாரும் கேட்டிருப்பீங்க. எனக்கு இதுல முக்கியமான இடம் குகைக்கு உள்ளே தான். அங்க ஏற்கெனவே 999 பேர் இருந்தாங்க. பூதத்துக்கு ஒரு கணக்கு, ஆயிரம் சேர்ந்தா தான் சாப்பாடு. ஆள் குறையுற வரைக்கும் அவங்க உயிர் நிக்கும். நக்கீரர் உள்ளே வந்ததும் கணக்கு நிறைஞ்சுடுச்சு. அந்த 999 பேரும் அழுதாங்க. "நீ வராம இருந்திருந்தா நாங்க பிழைச்சிருப்போமே"ன்னு அவரைத் திட்டினாங்க.

யோசிச்சுப் பாருங்க. அத்தனை பேரும் ஒரே தப்பு செஞ்சவங்க, ஒரே குகையில இருக்காங்க, ஒரே ஆபத்து. ஆனா புதுசா வந்தவன் மேல தான் கோபம்.

நக்கீரர் பதிலுக்கு வாதாடல. பாடினார். அது தான் திருமுருகாற்றுப்படை. 317 அடி. பத்துப்பாட்டுல முதல் பாட்டு, பதினோராம் திருமுறையிலயும் இருக்கு. முருகன் வேலால மலையைப் பிளந்தார், ஆயிரம் பேரும் வெளியே வந்தாங்கன்னு கதை முடியுது.

ஆற்றுப்படைன்னா என்னன்னு கொஞ்சம் நின்னு பார்க்கணும். அந்தக் காலத்துல பாணர், கூத்தர், பொருநர் எல்லாம் வள்ளல்கள்கிட்ட பரிசு வாங்கிட்டுத் திரும்பி வருவாங்க. வழியில பசியோட இன்னொரு கூட்டம் எதிர்ப்படும். வாங்கினவன் மூட்டையை மறைச்சுக்கிட்டு நகர மாட்டான். "நானும் உன்னை மாதிரி தான் இருந்தேன். இந்த வழியா போ. இன்ன காடு வரும், இன்ன ஊர் வரும். அவரைப் போய்ப் பாரு, கொடுப்பார்"னு வழி சொல்லி அனுப்புவான். பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை எல்லாம் அப்படி வந்த பாட்டு தான். ஆறுபடை வீடுங்கற பெயரே "ஆற்றுப்படை வீடு"ங்கறதிலிருந்து வந்துச்சுன்னு சொல்ற தமிழறிஞர்களும் உண்டு.

சாகப் போற குகைக்குள்ள உட்கார்ந்து நக்கீரர் பாடினது அந்த வகைப் பாட்டு. "என்னைக் காப்பாத்து"ன்னு முருகனைப் பார்த்துக் கெஞ்சற பாட்டா அவர் ஆரம்பிக்கல. அருளைத் தேடிக் கிளம்பின இன்னொரு ஆளைப் பார்த்துப் பேசுறார். பரங்குன்றத்துல இருக்கான், செந்தூர்ல இருக்கான், ஆவினன்குடியில இருக்கான், போன்னு வழி சொல்றார். பக்கத்துல உட்கார்ந்து திட்டினவங்க காதுல அது எப்படி விழுந்திருக்கும்!

இப்போ எங்க தெரு.

2015 டிசம்பர் 1. செவ்வாய்க்கிழமை. அப்போ நான் காலேஜ். சைதாப்பேட்டை பக்கம், அடையாறு எங்க தெருவிலிருந்து ரொம்ப தூரமில்ல. சூரசம்ஹாரம் முடிஞ்சு சரியா ரெண்டு வாரம். ஆறு நாளும் விரதம் இருந்து முடிச்ச பெருமை இன்னும் நெத்தியில ஒட்டிக்கிட்டு இருந்த நேரம். மழை கொட்டுது, செம்பரம்பாக்கத்துல நொடிக்கு 29,000 கன அடி திறந்தாச்சு. ராத்திரி ஆறு தெருவுக்குள்ள வந்துடுச்சு. கரண்ட் இல்ல, டவர் இல்ல. எங்க வீடு மாடி, தப்பிச்சோம். எதிர் வீட்டு அக்கா கீழ்ப் போர்ஷன், ரெண்டு வயசுக் குழந்தை. அவங்களை மறுநாள் மீனவர்கள் படகுல வந்து ஏத்திட்டுப் போனாங்க. கடல்ல ஓட்டுற படகு எங்க தெருவுல, இஸ்திரி வண்டி நிக்கிற மரத்தடி வழியா போச்சு. யாரு என்னன்னு பேர் கேட்கக்கூட நேரமில்லன்னு அக்கா இன்னும் சொல்லுவாங்க.

அந்த இஸ்திரி வண்டி ஒரு தாத்தாவோடது. தெரு முனையில ஒரே ரூம்ல அவரும் பாட்டியும். தண்ணி ஏறினப்போ பாட்டியை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, கரி இஸ்திரிப் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு ஒரு மொட்டை மாடிக்கு ஏறிட்டார். துணி மூட்டை எல்லாம் போச்சு. 11 வீட்டுத் துணி.

தண்ணி வடிஞ்ச மூணாம் நாள் அவர் வீடு வீடா வந்தார். கையில கணக்கு நோட்டு, வெயில்ல காய வச்சதுல பக்கமெல்லாம் உப்பிப் போய் இருந்துச்சு. "தம்பி, உங்க வீட்டுது ஆறு துணி. மாசா மாசம் கூலியில கழிச்சுக்கோங்க, எப்படியாவது அடைச்சுடறேன்"னார். ஒரு சட்டைக்கு 5 ரூபா வாங்கறவர். அவர் ரூம்ல முழங்கால் அளவு சேறு. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. உதவி கேட்க வரல அவரு, கடன்காரனா வந்து நின்னார்.

அந்த ஆறு துணியில ஒண்ணு, இன்டர்வியூவுக்குன்னு நான் வாங்கின புதுச் சட்டை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாரின்னா சட்டை திரும்பி வந்துடுமா தாத்தா?"

விபூதி வச்ச நெத்தியோட தான் சொன்னேன். குகைக்குள்ள இருந்த 999 பேர்ல நானும் ஒருத்தன்.

அவர் தலையைக் குனிஞ்சு நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டு இறங்கிட்டார். எதிர் வீட்டு அக்கா அப்போ தான் திரும்பி வந்து வாசல்ல சேறு தள்ளிக்கிட்டு இருந்தாங்க. காதுல விழுந்திருக்கு. என்னைத் திட்டல. சாயங்காலம் அந்த நோட்டை தாத்தாகிட்ட வாங்கிட்டு 11 வீட்டுக்கும் போனாங்க. பணம் கேட்கல. "உங்க வரியை உங்க கையாலயே அடிச்சுடறீங்களா?" அவ்வளவு தான் கேட்டாங்க. எங்க வீட்டுக்கு வந்தப்போ அம்மா பேனாவை வாங்கி என் கையில கொடுத்தாங்க. அடிச்சேன். பத்து வீடு அடிச்சுது. ஒரு வீடு அடிக்கல. அந்தக் காசை அக்கா சத்தமில்லாம கொடுத்துட்டாங்கன்னு ரொம்ப நாள் கழிச்சு தான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் தெரு தானா நகர ஆரம்பிச்சுது. நாங்க அஞ்சாறு பசங்க தாத்தா ரூம்ல சேறு அள்ளினோம், ரெண்டு நாள் ஆச்சு, நாத்தம் ஒரு வாரம் கையை விட்டுப் போகல. வெல்டிங் கடைக்காரர் வண்டிச் சக்கரத்தைச் சரி பண்ணினார். பள்ளிவாசல்ல ஆக்கின சாப்பாட்டுல தாத்தா பாட்டிக்கு ஒரு பங்கு ரெண்டு வேளையும் வந்துச்சு. பாட்டிக்கு சுகர், இன்சுலின் போடணும். ஃபிரிட்ஜுக்கு எங்க போறது? மருந்துக்கடை அண்ணன் தண்ணி ஊத்தின மண்பானைக்குள்ள டப்பாவை வச்சு எப்படிக் குளுமையா வைக்கறதுன்னு காட்டிக் கொடுத்தார். காய்ஞ்ச கரி தான் கிடைக்கவே இல்ல. ஊருக்கு வெளிய அலைஞ்சு ஒருத்தர் ஒரு மூட்டை கொண்டு வந்தார்.

நடுவுல ஒரு பையன் தாத்தாகிட்ட போர்வை கொடுக்கிற மாதிரி போட்டோ எடுத்தான். தாத்தா முகத்தைத் திருப்பிக்கிட்டார். அக்கா பக்கத்துல வந்து, "அழிச்சுடுப்பா. நாளைக்கு அவரு நம்ம துணிக்கு காசு கேட்கணும்ல, எப்படிக் கேட்பாரு?"ன்னாங்க. அவன் அழிச்சுட்டான். உதவி பண்றப்போ போனை எடுக்கலாமா வேண்டாமான்னு இப்பவும் நம்ம குரூப்ல சண்டை வருது. எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

வண்டி திரும்ப நின்ன அன்னைக்கு பெரிய கூட்டம். சேத்துல நனைஞ்சு பத்து தடவை துவைச்ச துணி, இஸ்திரி போட்டா நல்லாவா இருக்கும்? இருந்தும் எல்லாரும் கொண்டு வந்து கொடுத்தாங்க. எங்க அம்மா தலையணை உறையைக் கூட அனுப்பினாங்க.

அக்காகிட்ட ஒரு நாள் கேட்டேன், "நீங்களே எல்லாத்தையும் இழந்துட்டு நிக்கறப்போ எப்படிக்கா இதெல்லாம்?" "படகுல ஏத்தினவங்களை நான் எங்க தேடிப் போய் திருப்பிக் கொடுக்கிறது? இந்தத் தாத்தா தான் கையெட்டற தூரத்துல இருந்தாரு"ன்னாங்க. அவங்க முருக பக்தை கூட இல்ல. திருமுருகாற்றுப்படைன்னு ஒண்ணு இருக்கறது அவங்களுக்குத் தெரியாது.

தம்பி, நீ கேட்ட கதவு பத்தி: நக்கீரருக்குன்னு தனியா ஒரு கதவு திறந்ததா கதையில எங்கயும் இல்ல. மலை பிளந்தப்போ திட்டினவங்களும் சேர்ந்து தான் வெளிய வந்தாங்க. 48 நாளும் நீ யாருக்காக வேண்டினன்னு நான் கேட்க மாட்டேன், அது உனக்கும் அவருக்கும் நடுவுல. பக்கத்துல யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு மட்டும் பாரு.

அந்த வருஷம் டிசம்பர் 31, தாத்தா திருத்தணி படித்திருவிழாவுக்குப் போனார். 365 படி, படிக்குப் படி திருப்புகழ். முட்டி வலியோட ஏறியிருக்கார். ஜனவரி 1 சாயங்காலம் 11 வீட்டுக்கும் விபூதிப் பொட்டலம் கொண்டு வந்தார். அடிக்காத அந்த வீட்டுக்கும் தான். என் கையில கொடுக்கும்போது "இன்டர்வியூ எப்போ தம்பி?"ன்னு கேட்டார். அடுத்த மாசம்னேன். இருந்த ஒரே பழைய சட்டையை எடுத்துக் கொடுத்தேன். உப்பின நோட்டுல புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு, எங்க வீட்டுப் பேருக்கு நேரா 1 துணின்னு எழுதிக்கிட்டார்.

வேலும் மயிலும் துணை.