ஒரு வாய் வைக்கோல்

இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்த் தீனி, உண்ணும்போது பிறருக்கு ஒரு பிடி, எல்லோருக்கும் ஓர் இன்சொல். யாராலும் செய்ய முடிந்த வழிபாடு என்று திருமூலர் சொல்லிவைத்தவை இந்த நான்கும். பச்சிலை வேலியிலேயே கிடைக்கிறது. பிடி சோற்றுக்கும் இன்சொல்லுக்கும் மனம் இருந்தால் போதும். பசுவின் வாய்க்குத்தான் பருவம் பார்க்க வேண்டியிருக்கிறது. கார்த்திகையில் வரப்பெல்லாம் புல். சித்திரையில் அதே வரப்பு வெடித்துக் கிடக்கும். கொட்டிலில் மாடு கழுத்தை நீட்டி நம் கையைப் பார்க்கும். அந்த வாய்க்கு வேண்டியதைத் தை, மாசியிலேயே சேர்த்தாக வேண்டும். வைக்கோல் சேர்க்கக் கற்றுக்கொண்டதைப் போய் ஒருவன் பக்தி அனுபவமாக எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். எனக்கு ஈசன் காட்சி கொடுத்தது அந்தப் புழுதிக்குள்தான்.

எங்கள் நிலம் திருவாவடுதுறைக்குப் பக்கம். அந்தத் தலமே மாட்டின் தலம். அம்பிகை பசுவடிவில் வந்து வழிபட்டு, அவ்வடிவம் நீங்கப்பெற்ற இடம். அதனால் சுவாமிக்குக் கோமுத்தீஸ்வரர் என்று திருநாமம். கோயிலுக்குள் நிமிர்ந்து பார்க்க வேண்டிய அளவுக்குப் பெரிய நந்தி. அருகே சாத்தனூர். மூலன் என்னும் இடையன் அங்கே உயிரற்றுக் கிடந்தபோது, அவன் மேய்த்த மாடுகள் சுற்றிச் சுற்றி வந்து மோந்து கதறின என்றும், கயிலையிலிருந்து வந்த சிவயோகி அந்தத் துயரம் தாளாமல் மூலனின் உடலில் புகுந்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அப்படிப் புகுந்தவர்தான் திருமூலர். எழுந்த உடனே அவர் பாடவில்லை. மாடுகளை மேயவிட்டார், நீர் காட்டினார், மாலையில் ஊர் திரும்பினார். திருமந்திரத்தின் 3000 பாட்டுக்கும் முந்திய திருப்பணி அது.

முன்பு எங்கள் பக்கம் வைக்கோல் நெல்லோடு சேர்ந்தே களத்துக்கு வந்தது. கையால் அறுத்து, கட்டுக் கட்டிச் சுமந்து, கதிரடித்து, மாடு விட்டு மிதித்துப் போராக ஏற்றினார்கள். இன்று பெல்ட் அறுப்பு மிஷின் வயலில் இறங்கி நெல்லை எடுத்துக்கொண்டு, வைக்கோலை வரிசை வரிசையாகப் பின்னால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறது. அள்ளுவதற்கு ஆள் கிடையாது. அதற்கு அடியிலோ, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன்பு மெழுகுபதத்தில் தெளித்த உளுந்து முளைத்துக்கொண்டிருக்கும். வைக்கோலை எடுக்காமல் விட்டால் உளுந்துக்கு வெளிச்சம் இல்லை; கொளுத்தினால் உளுந்தே இல்லை. சீக்கிரம் எடுக்க வேண்டும், அதற்கு வைக்கோல் கட்டும் மிஷின் வேண்டும்.

புதிது வாங்க வசதி இல்லை. வீட்டில் ஒரு பழைய 35 குதிரைத்திறன் டிராக்டர் இருந்தது. அதன் பின்னால் மாட்டுவதற்குப் பல கை மாறிய கட்டு மிஷின் ஒன்று வந்து இறங்கியது. பெயின்ட் உரிந்து, கதவோரத்தில் வெல்டிங் தழும்புகளோடு நின்றது. திருநீறு பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டினோம். கற்றுக்கொடுக்கப் பக்கத்து ஊரிலிருந்து பெரியப்பா முறை வைத்து அழைக்கும் ஒருவர் வந்தார். ஆயுள் முழுவதும் டிராக்டர் ஓட்டியவர். நெற்றியில் பட்டை, காதில் பீடி.

“புது மிஷினைப் பாத்து வாங்கலாம் தம்பி. பழசைக் கேட்டுத்தான் வாங்கணும். கண்ணை மூடிக்கங்க” என்றார்.

மூடினேன். டிராக்டரை மெதுவாக ஓடவிட்டு, இன்ஜின் சுழற்சியைப் பின்னால் இருக்கும் மிஷினுக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. நெம்புகோலைத் தள்ளினார். உருளைகள் சுழன்றன, சங்கிலிகள் ஓடின. முதலில் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல். பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்தது. தொய்ந்த சங்கிலி பல்லில் ஏறி இறங்கும் சத்தம், எண்ணெய் வற்றிய பேரிங்கின் முனகல், ஷாஃப்டின் கிராஸில் ஆட்டம் கண்ட இடம். நிறுத்திவிட்டு எங்கெங்கே சூடு என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார். தியானம் பழக நான் போகாத இடம் இல்லை. சிவனே, மனம் ஒரு புள்ளியில் நின்றது இந்தத் துருப்பிடித்த இரும்பின் முன்னால்தான்!

“ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. வைக்கோல் சிக்கிச்சுன்னா பி.டி.ஓ.வை எடுங்க, இன்ஜினை அமத்துங்க, சாவி மடிக்கு வரட்டும். அப்பறந்தான் கை உள்ள போவணும். தொங்குற துண்டு, அவுந்த வேட்டி, ரெண்டும் கிட்ட வரப்படாது.”

அந்த பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுவது. கருவறைக்கு ஆசாரம் உண்டு. அதைவிடக் கண்டிப்பான ஆசாரம் அதன் அருகில் வேண்டும். காலையில் குளித்து, பதிகம் சொல்லி, கிரீஸ் கன்னை எடுத்து ஒவ்வொரு முனையாக அழுத்துவது என் நித்திய பூஜை ஆயிற்று. உடைந்த அள்ளுவிரல்களை மாற்றினோம், சணல் வெட்டும் கத்தியைத் தீட்டினோம், சங்கிலியை இழுத்துக் கட்டினோம். பழைய பொருள் நம்மைச் சும்மா இருக்க விடுவதில்லை. தினமும் தொடு, கேள், துடை என்கிறது. அதைத்தானே கைங்கரியம் என்கிறோம்!

அடுத்த பாடம் காத்திருப்பது. மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். வெட்டவெளியில் கிடக்கும் வைக்கோலை விடுமா? விடிந்ததும் ஓட்டத் துடித்தவனைப் பெரியப்பா வரப்பில் உட்காரவைத்தார். “அடியில கிடக்கறதை ஒரு கை எடுத்து முறுக்குங்க. படக்குன்னு ஒடிஞ்சா ஓட்டலாம். வளைஞ்சு குடுத்தா வெயிலுக்கு விட்டுருங்க.” ஈரத்தோடு இறுக்கிக் கட்டிய வைக்கோல் உள்ளுக்குள் சூடேறும், பூசணம் பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டு விலகும். சூடு மிஞ்சினால் போரே தானாகப் பற்றிக்கொள்வதும் உண்டு. அதனால் சூரியனுக்காகக் காத்திருந்தோம். பனி வைக்கோலை விட்டு மெல்ல மேலேறிக் கலைவதைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் ஐந்தெழுத்தை உருட்டிக்கொண்டு. வரிசைகளைப் புரட்டிவிட்டு மறுபடி முறுக்கினேன். வளைந்தது. இன்னும் சிறிது நேரம் கழித்து முறுக்கினேன். ஒடிந்தது! அந்தப் ‘படக்’ என்ற சத்தம் எனக்கு உத்தரவு.

உளுந்து அதிகம் நசுங்காதபடி அறுப்பு மிஷின் போன தடத்திலேயே சக்கரத்தை வைத்து ஓட்டினேன். அள்ளுவிரல்கள் வரிசையைச் சீவி எடுத்து உள்ளே கொடுத்தன. பொன்னிறத் தூசி சுற்றிலும் எழுந்தது. முன்னால் பார்க்கிறேன், பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். உள்ளே உருளைகளுக்கு நடுவே வைக்கோல் சுருண்டு சுருண்டு தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. அறை நிறைந்ததும் பஸ்ஸர் அலறியது. வண்டியை நிறுத்தினேன். சுழற்சி நிற்காமல் ஓட, பெரியப்பா கயிற்றை இழுத்தார். சணல் உள்ளே ஓடிக் கட்டின் மேல் வரிவரியாகச் சுற்றியது, வெட்டுப்பட்டது. கதவு திறந்தது. பசு கன்றைப் போடுவது போல் பொத்தென்று விழுந்தது ஒரு கட்டு.

இறங்கி ஓடினேன். 20 கிலோ இருக்கும். வெயிலின் சூடும் நெல்வாசமும் அதில் அப்படியே இருந்தன. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். என்னவோ ஆயிற்று எனக்கு. கண் மறைத்தது, தொண்டை அடைத்தது, உடம்பெல்லாம் புல்லரித்தது. அறுத்துப் போட்ட வயல் முழுவதும், கோயில் கோபுரம் வரை, ஒரே ஒளியாக இருந்தது. நெல் அவன், நெல்லை எடுத்த பின் நிற்பதும் அவன்! அதைக் காயவைக்கிற வெயில் அவன், நனைக்கிற பனியும் அவன்! துருவேறிய உருளைக்குள் சுழன்றவன், சணலாய் இறுகியவன், கட்டாய் வந்து என் கையில் விழுந்தவன்! “சிவசிவா, சிவசிவா” என்று நான் கத்தியது டிராக்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயில் திசை பார்த்துக் கும்பிட்டார். பிறகு, “மேகம் கூடுது, ஏறுங்க தம்பி” என்றார்.

ஏறினேன். இருட்டும்வரை கட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. தரை ஈரம் ஏறாமல் பனந்துண்டுகளைப் பரப்பி, காற்றுக்கு இடைவெளி விட்டு அடுக்கினோம். அடுத்த சில இரவுகள் கட்டுகளுக்குள் கையை நுழைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

அக்கினி நட்சத்திரத்தில் அந்தக் கட்டுகள் பிரிந்தன. சணலை அறுத்ததும் மாசி மாதத்து வாசம் கொட்டிலில் எழுந்தது. மாடு ஓடிவந்து வாய் நிறைய இழுத்தது. வைக்கோல் சத்துக் குறைந்த தீனிதான். அதில் புரதம் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான் இருக்கும். பிண்ணாக்கும் பசுந்தழையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஆனால் அந்த நாரை நான் எவ்வளவு மென்றாலும் எனக்கு ஆகாது. பசுவின் பெருவயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதைப் பிரித்து, நொதிக்க வைத்து, அவளுக்கு உணவாக்கித் தருகின்றன. அசைபோட்டபடி படுத்திருக்கும் ஒவ்வொரு பசுவும் ஒரு வேள்விச்சாலை. நாம் கழித்தது உள்ளே போகிறது, பாலாக வெளியே வருகிறது. அந்தப் பால் பிரதோஷத்தன்று நந்தியின் மேல் வழிகிறபோது நான் அதில் என் வயலைப் பார்க்கிறேன்.

இப்போது சேர்ப்பதில் ஒரு பங்கு எனக்கில்லை. நிலம் இல்லாமல் ஒரே ஒரு மாட்டை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். கோடையில் முதல் கட்டுகள் அவர்கள் வீட்டுக்குப் போகும். கட்டு மிஷின் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வயலுக்கு ஒரு கட்டாவது தன்னுடையதல்லாத மாட்டுக்கு ஒதுக்குங்கள். இதைவிட மலிவாக ஈசனைக் கட்டிப்போட வழி கிடையாது. கோமுத்தீசா, மூலனின் மாடுகளுக்காக யோகியின் மனத்தை இளகவைத்தவனே, வருடந்தோறும் எனக்கு ஒடிகிற வைக்கோலைக் கொடு, ஓடுகிற மிஷினைக் கொடு, அசைபோடும் வாய்களை இன்னும் இன்னும் என் வாசலுக்கு அனுப்பு!